லவீனியாக்கள்

மூன்றாவது கல்லிலும் அதே பெயர்தான்.

லவீனியா.

வெஸ்லி குனிந்து பாசியைச் சுரண்டி, வாய்விட்டுப் படித்தான். அவன் படித்ததுதான் தாமதம், அவன் மனைவியின் வயிற்றுக்குள் ஒரு உதை. முதல் கல்லில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதில் திக்கென்றது. இப்போது பயந்தே போனாள்.

வெளியிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். உள்ளிருந்து இவள் பதில் கொடுக்கிறாள்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நல்ல பட்டப்பகல். சுற்றிலும் மக்காச்சோளம் சலசலத்தது. இந்த வேலிக்குள் மட்டும் காற்று வரவில்லை.

பாசி பிடித்தவை எல்லாம் வெஸ்லியின் எள்ளுத்தாத்தா ஜோசயா நட்ட கல்லறைக் கற்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் மாட்டுவண்டியில் வந்து இந்தப் புல்வெளியை முதலில் உழுதவராம். அதற்கு முன் இங்கே இருந்தவர்களை யார் கேட்டார்கள்?

ஜோசயாவுக்குப் பெண் பிறக்கும். லவீனியா என்று பெயர் வைப்பார். செத்துப்போகும். அடுத்த பெண்ணுக்கும் அதே பெயர். அக்காவின் கவுனைத் தங்கைக்குப் போடுவதுபோல. நல்ல பெயரை வீணாக்கக் கூடாதாம்.

நான்கு பேர் போனார்கள். ஐந்தாவது லவீனியா தொண்ணூறைத் தாண்டி, பேரன் பேத்தி எடுத்து, வேறு ஊரில் கண்ணை மூடினாள். வெஸ்லிக்கு முதலில் தெரிந்தது அவளைப் பற்றி மட்டும்தான். ராசியான பெயர் என்று தன் மகளுக்கு வைத்தான்.

மகள் இரண்டு வாரம்கூட இருக்கவில்லை.

போன வருடம் இங்கேயேதான் கொண்டுவந்து வைத்தார்கள். அப்போது புல் மண்டிக் கிடந்தது. பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து வெஸ்லி தன் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். அழத் தெரியாதவனுக்கு அது ஒரு வேலை. பாவம்.

"ஜோசயா விட்டுக்கொடுக்கவில்லை, பார். கடைசியில் ஒருத்தி பிழைத்தாள். நாமும் இவளுக்கு அதே பெயரை வைப்போம்."

நான்கு பேரைத் தின்ற பிறகுதான் அந்தப் பெயருக்குப் பசி அடங்கியிருக்கிறது. இப்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. அவளுக்கு அப்படித்தான் பட்டது.

வெஸ்லி நான்காவது கல்லைப் படித்தான். பிறகு பாசி பிடிக்காத புதுக் கல்லின் முன் மண்டியிட்டான். அதையும் படித்தான்.

உள்ளே இந்த முறை உதை இல்லை. குழந்தை முழுசாகப் புரண்டு, கல் இருந்த பக்கம் திரும்பியது.

அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வாயில் வந்தது அப்பாவின் பெயர். குப்பு. அவருக்கு முன்னால் பிறந்தது எதுவும் தங்கவில்லை என்று, குப்பைமேட்டில் புரட்டி எடுத்து வைத்த பெயர். எமன் முகம் சுளித்துக்கொண்டு போகட்டும் என்று. கல்லூரியில் அதைச் சொல்ல எவ்வளவு கூச்சப்பட்டிருக்கிறாள்.

"ஏ குப்பை," என்றாள் வயிற்றைப் பார்த்து. "பேசாம கிட."

குழந்தை அடங்கியது.

வெஸ்லி திரும்பினான். அது என்ன என்று கேட்டான்.

"இவள் பெயர். யாருக்கும் வேண்டாதது என்று அர்த்தம்."

ஆங்கிலத்தில்தான் சொன்னாள். உரக்கச் சொன்னாள். அவனைப் பார்த்து அல்ல, கற்களைப் பார்த்து.

அங்கே படுத்திருந்த ஐந்து பேரில் ஒருத்திக்குத்தான் தமிழ் தெரியும்.