அளவுக்கு நிற்கும் ஆள்

படத்தைக் கழற்றச் சொல்லி அறையிலிருந்த ஐந்து பேரும் சொல்லிப் பார்த்தாயிற்று. வைரவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ஒருவனுக்குச் சொந்தச் சுவர் என்பது அவன் கட்டிலின் நீளம்தான். அதில் ஒருவன் முருகனை ஒட்டியிருந்தான், ஒருவன் பிள்ளைகளை, ஒருவன் நடிகையை. வைரவன் ஒரு சர்ச் படத்தை மாட்டியிருந்தான்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கிராமத்துச் சர்ச். மையால் கோடிழுத்து, மேலே லேசாக வண்ணம் பூசிய படம். சதுரமாக ஒரு கல் கோபுரம், பக்கத்தில் ஒரு கரிய மரம், மழை வரப்போகிற வானம்.

ஊருக்குள் ஒரு பழைய ஓட்டலின் மதுக்கூடத்தை இடிக்கப் போனபோது கிடைத்தது. வைரவன் அங்கே கார்பென்டர். சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு படங்கள், பன்னிரண்டும் இப்படிப்பட்ட சர்ச்சுகள். குடிக்கிற இடத்தில் கோயிலை மாட்டிவைத்த புண்ணியவான் யாரோ, தெரியவில்லை. ஃபோர்மேன் கௌஸ் முகைதீன் எல்லாவற்றையும் குப்பையில் போடச் சொன்னார்.

ஆற்றங்கரை, வாத்து, பூந்தோட்டம் என்று அழகழகான சர்ச்செல்லாம் குப்பைக்குப் போயிற்று. இருப்பதிலேயே அழுமூஞ்சியான இந்த ஒன்றை வைரவன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

எல்லாப் படத்திலும் ஓர் ஆள் இருந்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன ஆள்.

சைட் எஞ்சினியர் ஸ்ரீகாந்த்துக்கு விஷயம் தெரியும். கோபுரம் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவனுக்குப் புரியவேண்டுமே, அதற்காக அந்தக் காலத்தில் ஓர் ஆளையும் சேர்த்து வரைவார்களாம். நாம் தோண்டிய குழிக்குள் ஆளை நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்புவதில்லையா, அதுபோலத்தான்.

"அது யாரும் இல்லப்பா. சும்மா அளவுக்கு" என்றார்.

வைரவன் தலையாட்டிவிட்டுப் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

அறையில் இருந்தவர்களில் சரவணகுமார் மட்டும் அவனுக்குப் பக்கத்து ஊர். அவன் போனில் வீட்டுக்குச் சொன்னான். வீட்டார் அதற்குக் கண், காது, மூக்கு வைத்தார்கள். வைரவன் மதம் மாறிவிட்டான், பெயரையும் மாற்றிக்கொண்டான், ஞாயிறுதோறும் பாட்டுப் பாடுகிறான் என்று மூன்றாம் நாள் சிவகங்கைப் பக்கம் அவன் மனைவி நாகவள்ளிக்குச் செய்தி வந்துவிட்டது. பாவம், குளிக்கும்போதுகூடப் பாடாதவன்.

எட்டு மாதமாக நாகவள்ளி போனில் பேசுவது ஒரே பேச்சு. சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். வைக்கவா. வீடியோ வேண்டாம் என்றுவிட்டாள். அவனும் வற்புறுத்தவில்லை. முகத்தைப் பார்த்தால் இரண்டு பேருமே தாங்க மாட்டார்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே வீடியோவில் கூப்பிட்டாள்.

எடுத்த எடுப்பில் கத்தினாள். குலசாமியையே விட்டவருக்கு என்னை விட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். உண்மையாக இருந்தால் தாய்வீட்டுக்குப் போய்விடுவேன், அப்புறம் கூப்பிடவே வேண்டாம் என்றாள். படத்தைக் காட்டச் சொன்னாள்.

எட்டு மாதத்தில் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. திட்டு வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு, அவள் குரலைக் கேட்க எத்தனை ஆசையாக இருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

போனைப் படத்தின் பக்கம் திருப்பினான். கோபுரத்தைக் காட்டினான். மரத்தைக் காட்டினான். பிறகு கீழே, மதில் ஓரமாக ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

மற்றப் பதினொன்றிலும் அந்த ஆள் கோபுரத்து வாசலில் நின்றான். இதில் மட்டும் வரைந்தவர் என்ன நினைத்தாரோ, அவனைக் கல்லறைகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றான். அவனுக்கு முன்னால் இருந்த கல் அவன் முழங்கால் உயரம்கூட இல்லை.

நாகவள்ளியின் சத்தம் நின்றது.

"அங்க நிக்கிறது யாருங்க?"

"நாந்தான்."

ஜனவரியில் மகள் தாமரைக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலு வயது. லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து இவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்ததும், அண்ணன் கார்மேகம் வீடியோவிலாவது இவன் பார்க்கட்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுகாட்டுக்கு நடந்தார். பாதி வழியில் சிக்னல் போய், ஒரு கருவேல மரத்தோடு படம் அப்படியே நின்றுவிட்டது. அங்கே நாகவள்ளியைத் தெருமுனையில் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள். பெண்கள் அதற்குமேல் போகிற வழக்கம் இல்லை.

பெற்ற இரண்டு பேரில் ஒருவர்கூட அந்த இடத்தைப் பார்க்கவில்லை.

போனில் அவள் முகம் வெகுநேரம் அசையாமல் இருந்தது. மறுபடி சிக்னல் போய்விட்டதோ என்று அவன் பயந்தான்.

"ஏங்க, நா எங்கிட்டு நிக்கிறது?"

வைரவன் அவளுக்குத் தெரிகிற மாதிரி போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்துவிட்டுப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினான். ஒருவழியாகக் கழற்றிவிட்டான் என்று எதிர்க்கட்டிலில் சரவணகுமார் பெருமூச்சு விட்டான்.

சட்டத்தின் பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தான். வேலைப்பையைத் துழாவி, பலகையில் குறி போடுகிற பென்சிலை எடுத்தான்.

கல்லுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று அவளைக் கேட்டான்.