அசல்தான் வேணும்

"இந்தப் போலி முடியெல்லாம் என்கிட்ட காட்டாதே. அசல் மிங்க் தோல், ஆம்பளைக் கோட்டு. அதை எடு."

வடசீனத்துக் குளிர் நகரமான ஹார்பினில், ரோமச் சந்தையின் இரண்டாம் மாடிக்கு அன்று ஏறி வந்த முதல் ஆள் ஷூச்சின்தான். அறுபத்தெட்டு வயது. உடம்பில் பஞ்சு வைத்துத் தைத்த பழைய கோட்டு. கடைக்காரி யான்லிங்குக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மூன்று குளிர்காலமாக அந்த மாடியில் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தன.

"பெரியம்மா, இப்பல்லாம் அசலை யார் வாங்கறா? சின்னவங்க மிருகம் பாவம்ங்கறாங்க. பெரியவங்க இறகு ஜாக்கெட்டே போதும்ங்கறாங்க. அதான் கடை முழுக்கச் செயற்கையா அடுக்கி வச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க, வித்தியாசமே தெரியாது."

"தெரிய வேண்டிய இடத்துல தெரிஞ்சிடும். எனக்கு மிருகத்தோட தோல்தான் வேணும்."

யான்லிங் உள்ளேயிருந்து ஒரு கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி எடுத்து வந்தாள். ஷூச்சின் ரோமத்தை ஊதிப் பார்த்தாள். அது போதாதென்று ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் கொளுத்தி முகர்ந்தாள். தலைமுடி கருகும் நாற்றம். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"வீட்டுக்காரருக்கா? ஒரு நடை கூட்டிட்டு வந்தா அளவு பாத்துடலாமே."

"அவரால வர முடியாது. தோள் இதே அளவுதான்."

"குடுத்து வச்சவர்" என்றபடி கோட்டை வாங்கிய யான்லிங், அப்போதுதான் கிழவியின் வலது கையைப் பார்த்தாள். இரண்டு விரல்கள் கோணலாகக் கூடியிருந்தன.

"விரல்ல என்ன பெரியம்மா?"

"அவர்தான் கதவிடுக்குல வச்சு நசுக்கினார். சூப்புல உப்பு தூக்கலாம்."

யான்லிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த ஆளுக்கா இது? நான் விக்க மாட்டேன். இந்த மாசம் ஒண்ணுமே போகலைன்னாலும் பரவாயில்ல. உங்களுக்கு ஒண்ணு எடுத்துக்கங்க, பாதி விலைக்குத் தரேன்."

"எனக்கு வேணாம். என் பொண்ணும் காலையிலேர்ந்து வேணாம் வேணாம்னு கத்தறா. நாப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க சொன்னதைக் கேட்டாச்சு. இன்னிக்கு நான் நெனச்சதைத்தான் செய்வேன். நீ தரலைன்னா பக்கத்துக் கடைக்குப் போறேன்."

இத்தனை அடி வாங்கியும் புத்தி வரவில்லையே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே யான்லிங் கோட்டை மடிக்கத் தொடங்கினாள். வாய் சும்மா இருக்கவில்லை.

"மகாராசா எப்ப போட்டுக்கப் போறாராம்?"

"நாளைக்குக் காலையில. எட்டு மணிக்கு எடுக்கறோம்."

யான்லிங் மடிப்பதை நிறுத்தினாள்.

"செத்துப் போனவருக்கா? பெரியம்மா, இந்த ஊர்லயே பொறந்து வளந்துட்டு இது தெரியாதா? பொணத்துக்கு மிருகத்தோல் போட்டு அனுப்பினா, அடுத்த பிறவியில மிருகமாத்தான் பொறப்பாங்க."

"தெரியும்மா" என்றாள் ஷூச்சின். "பொத்தானெல்லாம் கெட்டியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக் கொடு."