மூன்றாம் நம்பர் திரை

“ஏலே ராஜா, வேற வேலயெல்லாம் அப்புறம். மூணாம் நம்பரு என்ன செய்யுதுன்னு எனக்கு இப்பத் தெரிஞ்சாவணும்!”

செல்லத்துரை அண்ணாச்சி போட்ட சத்தத்தில் உளுந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த இசக்கிராஜாவுக்குத் தோள் பையைக் கீழே வைக்கவும் நேரம் கொடுக்கவில்லை.

கோவில்பட்டியில் அந்தக் கமிஷன் கடையின் கணக்கு முழுக்க ஒரே சர்வரில் இருந்தது. கடையில் கணக்கு எழுதும் காளீஸ்வரி இங்கிருந்து பார்ப்பாள். கொள்முதல் பில்களை மட்டும் திருப்பூரில் ஒரு கணக்கு ஆபீஸில் உட்கார்ந்து ஒரு பெண் ஏற்றுவாள். சர்வரில் அவளுக்கு ‘யூசர் மூணு’ என்று பெயர். பில் ஏற்றலாம், அவ்வளவுதான். லாபம் எவ்வளவு என்று பார்க்க முடியாது, எதையும் அழிக்கவும் முடியாது.

அதுவும் போதாதென்று, அவள் திரையை இங்கிருந்தபடியே பார்க்க இசக்கிராஜாவிடம் ஒரு வசதி கேட்டு வாங்கியிருந்தார் அண்ணாச்சி. காலையில் வந்ததும் சாமி படத்துக்குப் பத்தி, அடுத்து யூசர் மூணு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு மெஸ் சாப்பாடுதான். மத்தியானம் அவள் சாப்பிட எழுந்து அந்தத் திரை அசையாமல் நின்ற பிறகுதான் தூக்குச்சட்டியையே திறப்பார். எந்த மாமியாரும் மருமகளை இப்படிக் காவல் காத்திருக்க மாட்டாள்!

“இம்புட்டு சந்தேகம் இருக்குல்லா, பின்ன எதுக்கு அண்ணாச்சி திருப்பூருக்குக் குடுக்கணும்? நம்மூர்ல ஆளா இல்ல?” என்று காளீஸ்வரி ஒரு தடவை கேட்டே விட்டாள்.

“ஒஞ் சோலியப் பாருட்டி” என்று வாயை அடைத்துவிட்டார்.

ஒருநாள் பாசிப்பயறு பில்லை உளுந்தில் ஏற்றியிருந்தாள் யூசர் மூணு. காளீஸ்வரி அந்தத் தப்பைச் செய்திருந்தால் கடை ரெண்டாகியிருக்கும். இன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சரியான பூசை என்று காத்திருந்தாள். அண்ணாச்சியோ, “நீயே திருத்திரு. அங்கன போன் போட்டுச் சொல்லாத” என்று எழுந்து போய்விட்டார். இந்த மனிதரை என்ன என்று புரிந்துகொள்வது?

இப்போது ரெண்டு நாளாக இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வந்து அந்தத் திரை மூடிக்கொள்கிறது. அண்ணாச்சி எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். திருப்பூர்ப் பெண்ணின் வேலைக்கு உலை வைத்துவிடுவாரோ என்று காளீஸ்வரி பயந்தாள். முகம் தெரியாதவள்தான். ஆனாலும் பாவம், வயிற்றுப்பாடு இல்லையா!

இசக்கிராஜா பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அண்ணாச்சி, ரிப்பேரு ஒண்ணும் இல்ல. அங்கன ‘வேண்டாம்’னு அமுக்குதாவ.”

“என்னலே சொல்லுத?”

“நீங்க இங்கன தொறந்ததும் அவிய திரையில ஒரு பெட்டி வரும். ‘செல்லத்துரை பாக்கலாமா?’ன்னு கேக்கும். அவிய ‘சரி’ன்னு அமுக்குனாத்தான் ஒங்களுக்குத் தெரியும். ஒரு ஆளு செய்யுதத அவியளுக்குத் தெரியாமப் பாக்கது தப்புல்லா, நாந்தான் அப்படி வச்சேன். சொன்னா ஏசுவியன்னு சொல்லல.”

அண்ணாச்சி ஏசவில்லை.

“அப்ப... இத்தன நாளும்?”

“தினமும் ‘சரி’ன்னு அமுக்கித்தான் காட்டியிருக்காவ. நீங்க பாக்கது அவியளுக்கு நல்லாத் தெரியும் அண்ணாச்சி.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட வெட்கம் என்று நினைத்தாள் காளீஸ்வரி. நல்லா வேணும் என்றுகூட இருந்தது அவளுக்கு.

“திருப்பூருக்குப் போன் போடு. நான் பேசல, நீ கேளு” என்றார். “இப்ப இருக்கது யாரு, முன்ன இருந்த பிள்ள எங்கன்னு கேளு.”

ஸ்பீக்கரில் போட்டாள். பூங்கொடி என்று ஒரு புதுப் பெண் பேசினாள்.

“ஐயோ, அந்தப் பொட்டிங்களா? வந்தா சரின்னு அமுக்கோணும்னு அக்கா சொல்லிப்போட்டுத்தானுங்க போனாங்க. நான் புதுசுங்க. என்னமோ ஏதோன்னு பயந்து வேண்டாம்னு அமுக்கிப்போட்டனுங்க.”

“அந்த அக்கா எங்கம்மா?”

“பிரசவத்துக்குப் போயிருக்காங்க. தலைப்பிரசவமுங்க. லவ் மேரேஜ் பண்ணினவங்க, அம்மாவும் இல்லீங்க. வளைகாப்புக்குக்கூட பொறந்த வீட்டுல இருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்க. மாமியார் ஊருக்குத்தான் போயிருக்காங்க, பாவம்.”

அண்ணாச்சி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. காளீஸ்வரிக்கு ஒன்றும் ஓடவில்லை. கேட்க வந்ததைக் கேட்டு முடித்தாள்.

“தான் ஊர்ல இல்லாதப்பவும் எதுக்கும்மா சரின்னு அமுக்கச் சொன்னாவ?”

“நானும் அதத்தானுங்க கேட்டேன். ‘அது எங்கப்பா என்னைப் பாக்க வார நேரம்’னு சொன்னாங்க.”