முகம் திறக்கும் பாட்டு

"பெத்தவளுக்கு வணக்கம் சொல்லுன்னு ஒரு அடி பாடுவீங்களாமே தம்பி, அத மட்டும் இன்னிக்கு விட்டுடுங்க."

தோம்பிராவின் இரண்டு தந்திகளையும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த சபாபெக் நிமிர்ந்தான். ஒரு தட்டு நிறையப் பொரித்த மாவு உருண்டையும் பாலாடையுமாகக் கூடாரத்து வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். தலையில் கட்டியிருந்த துணி புதுசு. முகத்தில் மட்டும் கல்யாணக் களை இல்லை.

"நல்லாயிருக்கே அக்கா! கூட்டம் அழறதே அந்த அடிக்குத்தான்."

"அழறதுக்கு வேற ஏதாவது பாடுங்க. செத்துப்போன குதிரையப் பத்திப் பாடுங்க."

"கல்யாணத்துலயா? குதிரைக்கு யாரு அழுவா?"

"எங்க ஊர்ல அழுவாங்க. மனுஷங்களுக்குத்தான் அழமாட்டாங்க."

சபாபெக்குக்குச் சிரிப்பு வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன் அவன். இந்த வீட்டில் யாரையும் தெரியாது. ஆனால் கல்யாணங்களைத் தெரியும். வெள்ளைத் துணியால் முகம் மூடிய மணப்பெண்ணை முற்றத்தில் நிறுத்தி, புகுந்த வீட்டு உறவுகளை அவன் ஒவ்வொருவராகப் பாட, அவள் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணங்குவாள். பாட்டு முடிந்து தோம்பிராவின் தலையால் அவன் துணியை விலக்கினால்தான் அவள் அந்த வீட்டு மருமகள். என் பேரை முன்னால் பாடு, அவள் பேரைப் பாடாதே என்று காதைக் கடிக்க எல்லாக் கல்யாணத்திலும் யாராவது வருவார்கள். பெற்றவளின் அடியையே விடச் சொல்லி வந்தவள் இவள்தான்.

"நீங்க மாப்பிள்ளைக்கு என்ன உறவு?"

"சித்தி. பேரு ரிஸ்தி. அவன் அப்பாவோட தம்பிதான் என் வீட்டுக்காரர். அந்த வேலிக்கு அந்தப் பக்கம் தெரியுதே, அதுதான் எங்க வீடு."

"உங்களுக்குப் புள்ளைங்க?"

"வீட்ல நானும் அவரும்தான்." தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்க. மாப்பிள்ளை முகித்துக்கு இந்தப் பாலாடைன்னா உசுரு. சின்னதுல ஒருநாள் காய்ச்சல்ல பிதற்றினப்பகூட இதத்தான் கேட்டான். கிண்ணத்தோட வேலிகிட்டயே நின்னேன்."

"உள்ள போய்க் குடுக்கறதுதானே?"

"அதான் அவங்க அம்மா இருக்காங்களே."

அந்தக் குரல் சபாபெக்கைச் சுட்டது. ஏக்கத்தைத்தானே அவன் ஊர் ஊராகப் பாடிப் பிழைக்கிறான், பார்த்தால் தெரியாதா? பிள்ளை இல்லாதவள். இன்னொருத்தியின் பிள்ளையை வேலி இடுக்கு வழியே பார்த்துப் பார்த்தே வயதாகிப் போனவள். இன்று ஊர் கூடி அந்த இன்னொருத்தியைக் கொண்டாடப் போகிறது. வயிறு எரியாமல் என்ன செய்யும்? அவனுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

"பாட்டுக்காரர்கிட்ட என்னடி ரகசியம்?"

மாப்பிள்ளையின் அம்மா உல்மெக்கன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். ஆள் கட்டை குட்டைதான், ஆனால் அவள் குரலுக்கு வெளியே கறி வெட்டிக்கொண்டிருந்த ஆண்களின் பேச்சே அடங்கிப்போனது.

"ஒண்ணுமில்லக்கா, சும்மா..."

"நீங்க சொல்லுங்க தம்பி. அவ வாயில உண்மை வராது."

சபாபெக் மென்று விழுங்கிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு முன்னால் எதுவும் செல்லவில்லை; சொல்லிவிட்டான்.

உல்மெக்கனின் முகம் இறுகியது. ஓரகத்தியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு எழுத்து குறையாமப் பாடணும். பெத்த வயித்தப் பத்தி ரெண்டு அடி கூடவே போடுங்க. இவளும் நின்னு கேக்கட்டும்."

"அக்கா, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு. தேநீருக்குத் தண்ணி..."

"தண்ணி தானாக் கொதிக்கும். எனக்குப் பின்னாலயே நிக்கணும் நீ. அசைஞ்ச, அப்புறம் பாரு."

இப்படியும் ஒரு பெண் மனசு கல்லாகுமா என்று சபாபெக் நினைத்துக்கொண்டான். கூலிக்குப் பாடுகிறவன் வாயைத் திறக்க முடியுமா? தோம்பிராவை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

முற்றத்தில் ஊரே திரண்டிருந்தது. இரண்டு பெண்கள் இருபுறமும் கைத்தாங்கலாகப் பிடித்துவர, முகம் மூடிய மணப்பெண் மரால் வந்து நின்றாள். பக்கத்தில் முகித், நிற்க இடம் தெரியாதவன்போல் நெளிந்துகொண்டிருந்தான். சபாபெக் பாடினான். மாமனாருக்கு ஒரு வணக்கம். மாமன்மாருக்கு ஒரு வணக்கம். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன பெரியப்பாவைக் கிண்டலடித்து ஒரு அடி, அவருக்கும் ஒரு வணக்கம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிக்காதவள் ரிஸ்தி ஒருத்திதான். உல்மெக்கனின் முதுகுக்குப் பின்னால், உதட்டைக் கடித்துக்கொண்டு, முகித்தையே பார்த்தபடி நின்றாள்.

கடைசி அடி வந்தது. அவளைப் பார்த்தால் குரல் உடைந்துவிடும் என்று சபாபெக் கண்ணை மூடிக்கொண்டான்.

"வயிற்றில் இவனைச் சுமந்தவள்
வலியில் இவனைப் பெற்றவள்
எதிரில் நிற்கிறாள் மணமகளே,
எல்லோரையும்விடத் தாழக் குனி!"

மரால் தாழக் குனிந்தாள். வாழ்த்துக் குரல் கேட்கவில்லை. சபாபெக் கண்ணைத் திறந்தபோது, உல்மெக்கன் பின்னால் கையை நீட்டி ரிஸ்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தான் நின்ற இடத்தில் அவளை நிறுத்திவிட்டு விலகிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ குனிம்மா, மருமகளே," என்றாள் உல்மெக்கன், ஊர் முழுக்கக் கேட்கும்படி. "புள்ளயில்லாத எனக்கு, பெத்த கையோட தன் ஒரே புள்ளயத் தூக்கி என் மடியில போட்டவ இவதான்."