முகத்துக்கு நேரே

அன்று அந்தச் சிறிய திரையிடும் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். புதிய காதல் படம் ஒன்றை எழுதி இயக்கியவன், அதற்குப் பணம் போட்டவரும் அவனுடைய அக்காள் கணவருமான மெத்தைக் கடைக்காரர், எடிட்டர், கதாநாயகிக்கு டப்பிங்கில் குரல் கொடுத்த குரல்காரி, கடைசியாக, அழைப்பில்லாமலே வந்து சேர்ந்த அந்தக் கதாநாயகி.

அவளைக் கண்டதும் இயக்குநரின் முகம் சுண்டிப்போயிற்று. எடிட்டர் தன் செருப்பை ஆராயத் தொடங்கினான். திரையிடும் நாளை அவளிடம் வாய் தவறிச் சொன்னவன் அவன்தான்.

குரல்காரி உதட்டைச் சுழித்தாள். வெட்கங்கெட்டவள் இங்கேயும் வந்துவிட்டாள் என்பது அச்சுழிப்பின் பொருள்.

காரணம் இருந்தது. டப்பிங் நடந்த நாள்களில் இயக்குநரின் கைபேசி ஓயாமல் அதிரும். எடுத்துப் பார்ப்பான், வேப்பங்காயைக் கடித்தவன்போல் முகம் கோணுவான், கவிழ்த்து வைத்துவிடுவான். அழைப்பது கதாநாயகி என்பதைக் குரல்காரி ஒருநாள் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

“நேரா சொல்லிட வேண்டியதுதானே தம்பி?”

“சில விஷயம் சொல்லாமலே புரியணும்க்கா. ஒரு படம் சேர்ந்து பண்ணிட்டா, சில பேர் விடவே மாட்டேங்குறாங்க.”

அதற்குப்பின் அவன் விட்ட பெருமூச்சு மீதிக் கதையைச் சொல்லிவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

இருபது ஆண்டுகளாக அடுத்தவள் வாய்க்கு அழுது பிழைப்பவள் அவள். விலகிப் போகிறவன் பின்னால் ஓடுகிற பெண்ணைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வீட்டில் தன் மகளிடம் இதையே பாடமாகவும் சொல்லியிருந்தாள். “போனும் கையுமா ஒருத்தன் பின்னாடி அலையாதே. அப்புறம் அந்த ஹீரோயின் பொண்ணு கதிதான்.”

அந்தக் கதாநாயகி இப்போது வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றி ஒரு துணி. குரல்காரி தன் பிளாஸ்டிக் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

படம் ஓடியது. பெருநகரத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கைபேசிச் செயலியில் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கிறார்கள். காபிக் கடைகளில் உட்கார்ந்து தத்துவம் பேசுகிறார்கள். முத்தத்துக்கு முன்னும் தத்துவம், பின்னும் தத்துவம். பிறகு ஒருநாள் அவன் பதில் அனுப்புவதை நிறுத்திவிடுகிறான். மெத்தைக் கடைக்காரர் இதற்குள் தம் தொழிலுக்குரிய நித்திரையில் ஆழ்ந்திருந்தார்.

இறுதிக் காட்சி. ரயில் நிலையப் படிக்கட்டில் அவனை மடக்கிப் பிடிக்கிறாள் நாயகி.

“வேண்டாம்னா வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு. நாயை விரட்டுறதுக்குக்கூட ‘போ’ன்னு ஒரு வார்த்தை சொல்றோம். எனக்கு அதுகூடக் கிடையாதா?”

தான் எழுதிய வசனத்துக்குத் தானே கண்ணைத் துடைத்துக்கொண்டான் இயக்குநர். விளக்கு எரிந்ததும் எழுந்து நின்றான்.

“இந்தத் தலைமுறையோட நோயே இதுதான் அத்தான். பதில் சொல்லத் தைரியமில்லாம ஓடி ஒளியிறது. அதைத்தான் கிழிச்சிருக்கேன்.”

“கிழிச்சிட்டே மச்சான்” என்றார் அத்தான், கொட்டாவியை அடக்கியபடி.

கதாநாயகி எழுந்தாள். குரல்காரி, அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்யப்போகிறாள் என்றே நினைத்தாள்.

“படம் ரொம்ப நல்லா வந்திருக்கு சார். இப்ப போட்டிருக்கிறது தற்காலிகமா ஒப்புக்குப் பேசின குரல்தானே? கடைசி சீன்ல கொஞ்சம் வயசு தெரியுது. நான் பேசினா சரியாயிடும்.”

எடிட்டர் மறுபடியும் தன் செருப்புக்குத் திரும்பினான்.

“டப்பிங் எப்போன்னு கேக்கத்தான் சார் இத்தனை நாளா போன் பண்ணேன். நீங்க வேலையா இருந்திருப்பீங்க. இன்னிக்கே பேசணும்னாலும் தயார். குரல் கெட்டுடக் கூடாதுன்னு ஷூட்டிங் முடிஞ்சதுலேருந்து நான் குளிர்ந்த தண்ணியே தொடுறதில்ல.”

சான்றாக, பையிலிருந்து ஒரு குடுவையை எடுத்துக் காட்டினாள். வெந்நீர். கூடவே வசனத் தாள்கள் வெளியே வந்தன. மூச்சு எடுக்க வேண்டிய இடங்களிலெல்லாம் பென்சிலால் சிறு கோடுகள்.

‘வயசு தெரியுது’ என்றதற்கு வேறொரு நாளாயிருந்தால் குரல்காரி தக்க பதில் கொடுத்திருப்பாள். இன்று அவளுடைய கை தன் பையின்மேல் போய் நின்றது. அதற்குள்ளும் ஒரு வெந்நீர்க் குடுவை இருந்தது. மகளிடம் சொன்ன பாடம் நினைவுக்கு வந்து குத்தியது.

இயக்குநர் சுவரைப் பார்த்தான், கைபேசியைப் பார்த்தான். “பேசலாம்மா... பார்க்கலாம்...” என்று மென்று விழுங்கினான். பிறகு மெல்ல நகர்ந்து வந்து குரல்காரியின் காதருகே குனிந்தான்.

“அக்கா, நீங்க அனுபவசாலி. உங்க குரலே இருக்கட்டும்னு முடிவாயிடுச்சுன்னு, பக்குவமா நீங்களே அவகிட்ட சொல்லிடுங்களேன். எனக்கு இதெல்லாம் மூஞ்சிக்கு நேரா சொல்ல வராது.”

குரல்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்தாள். தன் நாற்காலியை இழுத்து, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேர் எதிரே போட்டாள். உட்கார் என்று அவனுக்குக் கையால் காட்டினாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.