பத்து நிமிடக் கூட்டம்

புத்தூர் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் தரணி மேனேஜர். காலைக் கூட்டம் தினமும் இழுத்ததால், வாசலில் நின்ற லாரிகளில் பழம் அழுகியது. சலித்துப்போன அவள் செல்போனில் பத்து நிமிட அலாரம் வைத்து, எல்லோரையும் நிற்கவைத்தே பேசினாள். அலாரம் அடித்ததும் முடித்தாள். வெளியே மதியச் சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாளும் அப்படியே ஆனது.

"மூணு மணி நேரமா இன்னா மேடம் பேசிக்கினு இருந்தீங்க? லாரிக்காரங்க என்னிய திட்டுறாங்க," என்றார் வாட்ச்மேன் கன்னையா.

"பத்தே நிமிஷந்தாண்ணா!" தரணிக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் கூட்டமே வேண்டாமென்று அறையைப் பூட்டினாள். ஆட்கள் வேலைக்குப் போனார்கள். லாரிகள் உள்ளே நுழைந்தன. தரணி நிம்மதியாக அந்த அறையைக் கடந்தபோது, உள்ளே அவள் குரலே கேட்டது.

"கடைசியா ஒரே ஒரு விஷயம்."

உள்ளே பலர் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள்.