ஆல்மோஸ்ட் தைத்த கோட்டு

"ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சுங்க," என்றார் தையல்காரர், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணின் அக்கா எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளைக் கோட்டுக்கு ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கை வெறும் துணியாக மேசையில் கிடந்தது.

அவள் இங்கிலீஷ் டீச்சர். வயிற்றெரிச்சல் தாங்காமல் அங்கேயே பாடம் எடுத்தாள். "ஆல்மோஸ்ட்னா கிட்டத்தட்ட. துளியூண்டுதான் பாக்கின்னு அர்த்தம். ஒத்தைக் கை கோட்டுக்கு அதைச் சொல்லக் கூடாது."

"ரெண்டு கையில ஒண்ணு இருக்கே," என்றார் அவர்.

அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே 'ஆல்மோஸ்ட் டைலர்'தான். வெட்டாத துணியும் அவருக்கு ஆல்மோஸ்ட், பட்டன் மட்டும் பாக்கியிருக்கும் சட்டையும் ஆல்மோஸ்ட். அவரை நம்பிய ஒரு வக்கீல், குண்டூசி குத்திய பேன்ட்டோடு கோர்ட்டுக்குப் போய், கடைசிவரை உட்காராமலேயே வாதாடி ஜெயித்தாராம். அதையும் இந்த மனுஷர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இன்றைக்கும் அதே கூத்து. பெண்ணின் அப்பா, சித்தப்பா, சாட்சிக் கையெழுத்துப் போடப் போகிறவர் என்று எல்லோருக்கும் தைத்துக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளைக் கோட்டைக் கடைசியில் கையில் எடுத்திருந்தார். பதிவு அலுவலகத்தில் அதிகாரி சாப்பிடக் கிளம்பிவிட்டால் இன்றைக்குக் கல்யாணம் கிடையாது.

அக்காவின் போன் அடித்தது. பேசி முடித்தவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"தங்கச்சிதான். இன்னொரு தடவை அந்த ஆல்மோஸ்ட் காதுல விழுந்தா, கல்யாணமே வேண்டாம்னு எழுந்து வீட்டுக்குப் போயிடுவாளாம்."

தையல்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் மிதித்த மிதியில் மேசையே ஆடியது. எப்படியோ கை ஒட்டிக்கொண்டது. கடைசிப் பட்டனை வழியில் தைக்கட்டும் என்று அக்கா அவரையும் கோட்டையும் சேர்த்துக் காரில் தள்ளினாள்.

அலுவலகத்தில் அதிகாரி சாப்பாட்டுப் பையோடு எழுந்து நின்றிருந்தார். பெண் முறைத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துகளைச் சரிபார்த்த அதிகாரி அவசரமாகக் கேட்டார். "மாப்பிள்ளைக்கு இதுல முழுச் சம்மதம்தானே?"

அக்கா பாய்ந்து வந்து, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற தையல்காரரின் வாயைப் பொத்தினாள். "தலையை மட்டும் ஆட்டுங்க, மாப்பிள்ளை."